புரட்டாசி வெயிலும் ஐப்பசி மழையும்

(கிராமக் கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



புரட்டாசி மாதத்தில் பொன்னை உருக்கும் வெயிலும் மண்ணைக் கரைக்கும் மழையும் ஒருங்கே உண்டென்று பெரியோர் சொல்லிவைத்திருக்கின்றனர். ஆவணிப் பிற்பகுதி முதல் ஐப்பசி முற்பகுதி வரையில் தமிழ் ஜில்லாக்களில் சீதோஷ்ணம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் ஆடிக்காற்றின் எச்சம்போல் வறண்ட மேல்காற்று வீசும். உச்சிப்போதில் சித்திரை மாதமோ என்று ஐயுறும்படி வெயில் எரிக்கும். அஸ்தமனத்தில் இடியும் மின்னலுமாக ஒரு மழை கொட்டும். அதே வேளையில் அடுத்த ஊரில் புழுதி பறந்துகொண்டிருக்கும். இந்த இரண்டு மாதங்களிலேதான் சம்பாவுக்கு நாற்று விடுவதும், மானாவாரி விதைப்பதும், குறுவை அறுப்பதும், நிலக்கடலை பிடுங்குவதும், சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மனுக் கொடுப்பதுமாகிய சகல காரியங்களும் ஒன்றின்மேல் ஒன்றாய் வந்து விழுகின்றன. ஆகாயம் நிலையில்லாதிருக்கும் காலத்தில், தவணை தவறாத கடனொன்றைக் குடியானவர் தம் தலைமேல் ஏற்றிக்கொள்கிறார். ஆதலின் இக்காலத்து மழையின் போக்கை அறிவது, சங்கத்தின் பேரேட்டை வாசிக்க அறிவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையாளக் கரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்சரிவிலும் தன் ஈரத்தின் பெரும்பாகத்தைக் கொட்டிவிட்டுக் கீழ்ப்பக்கம் இறங்கும்போது வறண்டுபோகிறது. எனவே தமிழ்நாட்டின் சமவெளிகள் அப்பருவத்தில் மழை மறைவில் நிற்கின்றன. இந்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய 48 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வரும் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. கரையோர ஜில்லாக்களில் இது 60 சதவீதம் வரையில் ஆகிறது. குடியானவர்கள் இதைப் புள்ளிவிவரமின்றியே அறிவார்கள். அவர்கள் ஏமாறுவது அந்தப் பெருமழையில் அன்று. அதற்கு முன்னே வரும் சில்லறை மழையிலேயே.

அச்சில்லறை மழை உண்டாகும் விதம் கவனிக்கத்தக்கது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பகல் வெயிலால் நிலம் சூடேறி, அதன்மேலுள்ள காற்று லேசாகி எழும்புகிறது. பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று ஈரத்துடன் உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் இதுவும் எதிர்ப்படுமிடத்தில் காற்று வேகமாய் உயர்ந்து குளிர்ந்து, கருமேகம் திரண்டு, மாலையிலோ முன்னிரவிலோ இடிமழையாகப் பெய்துவிடுகிறது. வட தமிழ்நாட்டில் இம்மழை கணிசமானது. சென்னையில் இவ்விரு மாதங்களில் ஒவ்வொன்றிலும் சராசரி 4 அங்குலத்துக்குக் குறையாமல் பெய்கிறது. தெற்கே போகப்போகக் குறைந்து, ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் பெயரளவாகிவிடுகிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. வட இந்தியாவில் பருவமழையைத் தாங்கி நிற்கும் தாழ்ந்த காற்றழுத்தப் பள்ளமானது சிற்சில சமயம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும். அந்நாட்களில் மத்திய இந்தியாவில் மழை ஓய்ந்து வெயில் காயும். தமிழ்நாட்டிலோ இடிமழை மிகும். ஆகையால் வடக்கே மழை நின்றதென்ற செய்தி வந்தால், களத்தில் நெல்லைக் காயப்போட்டிருக்கும் குடியானவர் சற்று மேகத்தைப் பார்ப்பது நல்லது.

இம்மழை எவ்வளவு நம்பத்தக்கது? ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்ததாகக் கணக்கு. கேட்பதற்குப் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் வெயிலும் மேல்காற்றும் சேர்ந்த நாளில் நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் தினம் 5 மில்லிமீட்டர் அளவு நீர் ஆவியாகப் போய்விடக்கூடும். ஓர் அங்குலமென்பது 25 மில்லிமீட்டர். ஆகவே அந்த ஒரு லட்சம் லிட்டரும் ஐந்து நாள் வெயிலுக்குத் தாங்குமேயன்றி ஆறாம் நாளுக்கு இராது. இந்த ஐந்து நாட் கணக்கை மறந்தவர்களே புழுதிக்கால் விதைப்பில் நஷ்டமடைகிறார்கள்.

கடைமடைப் பகுதிகளிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் மழையை எதிர்பார்த்து உலர்ந்த நிலத்தில் நெல்லை நேரே விதைப்பது வழக்கம். வழக்கம் நல்லதே, நாற்றங்கால் செலவும் நடவுக்கூலியும் மிச்சம். ஆனால் ஆவணியில் விதைத்து, ஒரு நல்ல இடிமழை பெய்து, விதை முளைத்து, பின்பு இருபது நாள் வானம் வெளுத்துப்போனால், அம்முளை கருகிவிடுகிறது. மழையே பெய்யாதிருந்தால் விதை மண்ணில் கிடந்தாவது பிழைத்திருக்கும். அரைகுறையாய்ப் பெய்த மழையே அதைக் கொன்றது. அதன்பின் மறுவிதைப்புக்கு விதையில்லை. அதே நிலத்துக்கு, அதே போகத்தில், சங்கத்தில் மறுபடியும் கடன் கேட்பதும் எளிதன்று. அங்கத்தினர் வெளியே வட்டிக்கு வாங்குகிறார். தையில் நெல் வந்தபோது முதலில் கழுத்தைப் பிடிப்பவன் வெளிக் கடன்காரனே. சங்கம் பின்னுக்குப் போகிறது. தவணைக்குள் கட்டியிருந்தால் வட்டியே இல்லாதிருந்த கடன், தவணை கடந்த கடனாகப் புத்தகத்தில் ஏறுகிறது. சங்கத்தில் பாக்கிதாரர் என்று பெயர் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் சோம்பேறிகள், எத்தனை பேர் ஓர் ஆவணி மழையை நம்பியவர்கள் என்பதைப் பஞ்சாயத்தார் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

இதற்கு முழுப் பரிகாரம் இல்லை. ஓரளவு பரிகாரம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடு உப்பைக் கரைத்து, அதில் விதை நெல்லை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால், முளைத்த பயிர் முதல் வறட்சியைச் சற்றுத் தாங்கும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபார்சு செய்கின்றனர். செலவு அற்பம். நிழலில் உலர்த்தாமல் வெயிலில் போட்டுவிட்டு, பலனில்லை என்று சொல்பவர்களும் ஊருக்கு இரண்டு பேர் இருக்கவே செய்வார்கள்.

இனி, காவிரிப் பாசனத்தைப் பற்றி. 1934-ல் கட்டிமுடிந்த மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே அதை நிரப்புகிறது. ஆகவே டெல்டாக் குடியானவர் ஒரே சமயத்தில் இரண்டு பருவங்களையும் நம்பியிருக்கிறார்: நாற்று விட மேற்கத்திய மழை, பயிர் வளரக் கிழக்கத்திய மழை. அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பதும் ஜனவரி 28-ம் தேதி மூடுவதும் வழக்கமாயினும், 2016-ல் செப்டம்பர் 20-ம் தேதியும், 2017-ல் அக்டோபர் 2-ம் தேதியும்தான் திறக்க முடிந்தது. 2022-லோ மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். இவ்வளவு வித்தியாசமிருக்கையில், எந்த ரகத்தை எப்போது விதைப்பதென்பதை முன்னோக்கி எண்ணுவதைவிடப் பின்னோக்கி எண்ணுவதே உசிதம்.

தை நடுவில், அதாவது ஜனவரி 28-ம் தேதி வாக்கில், அறுவடை என்று வைத்து எண்ணுக. 155 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்தை ஆகஸ்டு 26-ம் தேதிக்குள், அதாவது ஆவணி பத்துத் தேதியளவில், நாற்று விட்டிருக்க வேண்டும். 135 நாள் வயதுள்ள மத்திய ரகமானால் செப்டம்பர் 15, ஆவணிக் கடைசி. 110 நாள் குறுகிய ரகமானால் அக்டோபர் 10, புரட்டாசி மூன்றாம் வாரம் கழிந்தபின். மூன்றும் ஒரே நாளில் அறுவடைக்கு வருகின்றன. மூன்றும் மார்கழியில் பூக்கின்றன. அடைமழையின் உச்சம் கழிந்தபின் பூப்பதால் மணி பிடிப்பதில் பெரும்பாலும் குறைவில்லை. அப்படியானால் எல்லோரும் குறுகிய ரகத்தையே நிதானமாக விதைத்துவிடலாமே, ஆவணியில் தண்ணீருக்கு ஏன் தவிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான்.

விடை நவம்பர் மாதத்து வயலில் இருக்கிறது. நவம்பர் 10-ம் தேதி பெருமழை பிடித்துக்கொண்டதென்று கொள்க. ஆகஸ்டு 26-ல் விட்ட நீண்டகாலப் பயிருக்கு அன்று 76 நாள் வயது. தூர் கட்டி, இடுப்பளவு நெருங்கி நிற்கும். செப்டம்பர் 15-ல் விட்ட மத்திய ரகம் நட்டு ஒரு மாதமாகி வேர் பிடித்திருக்கும். அக்டோபர் 10-ல் விட்ட குறுகிய ரகமோ நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளே ஆகியிருக்கும். ஒரு சாண் நாற்று, ஒன்றரை அடித் தண்ணீருக்குள். நான்கு நாளில் வடியாவிட்டால் அழுகிப்போகும். மேட்டு நிலத்துக்கும், வடிகால் நன்றாயுள்ள நிலத்துக்கும் குறுகிய ரகத்தால் ஆபத்தில்லை. பள்ளக்கால் நிலத்தில் அதைத் தாமதமாய் நடுவது சூதாட்டமே. பள்ளக்காலுக்கு வெள்ளந்தாங்கி ரகமாகிய சி.ஆர். 1009 சப் 1 இருக்கிறது. இது வளர்ச்சிப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கியிருந்தும் தெளிந்துவிடும் தன்மையுடையது. ஆனால் அதுவும் நீண்டகால ரகமாதலின் ஆவணியிலேயே நாற்று விடவேண்டும். ஐப்பசியில் வெள்ளத்தைக் கண்டபின் அதைத் தேடுவதில் பிரயோஜனமில்லை.

சங்கத்தார் இங்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஓர் ஏக்கர் நடவுக்கு நீண்டகால ரகமாயின் 12 கிலோவும், மத்திய ரகமாயின் 16 கிலோவும், குறுகிய ரகமாயின் 24 கிலோவும் விதை போதும். நாற்றங்கால் 8 சென்ட். ஒரு மூட்டை விதைத்துப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. வரிசை நடவு செய்தவர்கள் சிரிப்பதில்லை. ஆடி மாதக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் தத்தம் நிலம் மேடா, பள்ளமா, ஆழ்துளைக் கிணறு உண்டா, வாய்க்காலை மட்டும் நம்பியதா என்பதைச் சொல்லி, அதற்கேற்ற ரகத்தைச் சங்கத்தில் பதிவு செய்துகொண்டால், மொத்தமாய்ச் சான்று விதை தருவிக்கலாம். ஒரு பங்கு குறுகிய ரகத்தையும் கையிருப்பில் வைத்திருந்தால், அணை திறக்கத் தாமதமான வருஷத்தில் அது கைகொடுக்கும்.

குறுவை அறுவடையும் இக்காலத்தில்தான். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்பது பொது விதி. மழை மிகுந்த வருஷங்களில் மத்திய சர்க்கார் தளர்த்துவதுண்டு, ஆனால் தளர்த்தும் உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. புரட்டாசி மாலையில் சாலையோரம் கொட்டிவைத்த நெல்லின்மீது ஒரு மணி நேர இடிமழை பெய்தால், ஒரு போகத்து உழைப்பு கூடை கூடையாய்த் திரும்பவும் காயவேண்டியதாகிறது. ஒரு தார்ப்பாயை ஒவ்வொரு குடும்பமும் வாங்குவது கடினம். சங்கம் பத்துத் தார்ப்பாய்களை வாங்கி நாள் வாடகைக்கு விட்டால் போட்ட முதல் திரும்பிவிடும். மானாவாரி நிலக்கடலைக்கும் இதே ஆபத்துண்டு. கொடிக்கடலை முற்றியபின் சிறிதுகாலம் விதையுறக்கத்தில் இருக்கும். 1940-ல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 போன்ற கொத்துக்கடலைக்கு அவ்வுறக்கம் இல்லை. முற்றிய கொத்துக்கடலையைக் கூலியாள் கிடைக்கவில்லையென்று பத்து நாள் மண்ணில் விட்டுவைத்து, அதன்மேல் மழையும் பெய்தால், காய்க்குள்ளேயே முளை விட்டுவிடும்.

ஐப்பசிக்கு மேல் என்ன எதிர்பார்க்கலாம்? வடகிழக்குப் பருவம் தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. ஒரு வாரம் முன்பின்னாகலாம். 2018-ல் நவம்பர் 1-ம் தேதியும், 2024-ல் அக்டோபர் 15-ம் தேதியும் தொடங்கியதாக வானிலை இலாகாவினர் அறிவித்தனர். ஒரு மழை பெய்ததும் பருவம் வந்ததென்று அவர்கள் சொல்லிவிடுவதில்லை. தென்மேற்குப் பருவம் பின்வாங்கியிருக்க வேண்டும். கரையில் கீழ்க்காற்று நிலைத்து வீசவேண்டும். அக்காற்று ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்வரை இருக்கவேண்டும். மழை பரவலாகப் பெய்யவேண்டும். குடியானவர் தம் வீட்டுவாசலில் நின்றே இவற்றில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்: புகை எத்திசையில் சாய்கிறது? காலையிலும் மாலையிலும் அது மேற்கு நோக்கிச் சாயத் தொடங்கி நாலைந்து நாள் மாறாதிருந்தால், காற்றுத் திரும்பிவிட்டது. இடியும் மின்னலும் குறைந்து, விடியற்காலையில் தூறிப் பெய்யும் மழையும் அதற்கோர் அடையாளம்.

அப்பருவத்தின் மொத்த அளவை முன்கூட்டிச் சொல்லமுடியுமா என்பதில் ஜாக்கிரதை வேண்டும். பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்னும் வெப்பநிலை தோன்றும் வருஷங்களில் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை மிகுவதும், லா நினா வருஷங்களில் குறைவதும் பெரும்பான்மை வழக்கு. எல் நினோ வலுத்திருந்த 2015-ல் சென்னையில் டிசம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. அடுத்த 2016-ல் மழை 62 சதவீதம் குறைந்து, சம்பா கருகியது. ஆனால் லா நினா இருந்த 2021-ல் சராசரியைவிட மிக அதிகமாய்ப் பெய்தது. ஆகவே எல் நினோ வருகிறதென்று பத்திரிகையில் வாசித்ததைக்கொண்டு யாரும் ரகத்தை மாற்றவேண்டியதில்லை. அடுத்த ஐந்து நாட்களுக்கான முன்னறிவிப்போ நாளுக்கு நாள் நயமாகிவருகிறது. வானிலை இலாகாவின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வெளிவருகிறது. சங்கக் கட்டடத்துப் பலகையில் அதை எழுதிவைப்பது காரியதரிசிக்குக் கால்மணி நேர வேலை. அறிக்கையில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் என்றும், மிகக் கனமழை என்றால் 115.5-க்கு மேல் என்றும், அதிகனமழை என்றால் 204.4-க்கு மேல் என்றும் பொருள். கனமழை சொன்ன நாளுக்கு முன்தினம் யூரியாத் தூவுவது வாய்க்காலுக்கு எருப்போடுவதாகும். சங்கத்து உரக்கிடங்கில் அன்று வாங்க வருபவரிடம் இதைச் சொல்லி, மூட்டையை வீட்டில் வைத்திருக்கச் செய்வது விற்பனைக்குக் குறைவாகாது.

புயலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கடற்கரை ஜில்லாக்காரருக்கு அது தெரியும். 2018 நவம்பர் 16-ம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்தது. நெல் ஒரு போகத்தில் மீளும், தென்னைக்கு ஆறேழு வருஷம் வேண்டும்.

இங்கேதான் பயிர் இன்ஷூரன்ஸ் விஷயம் வருகிறது. 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவு தானியத்துக்கு ராபிப் பருவப் பிரீமியத்தில் குடியானவர் பங்கு இன்ஷூர் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. 2020 முதல் கடன் வாங்கினவர்களுக்கும் இது கட்டாயமில்லை. கட்டாயம் நீங்கியபின், கடனோடு தானாகவே சேர்ந்திருக்குமென்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் மத்தியில் வருகிறது. சில வருஷங்களில் நீட்டித்திருக்கிறார்கள். நீட்டிப்பார்களென்று காத்திருப்பது நியாயமன்று. அடங்கல் நகலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டம் சேருவதும் அதே வாரம், மழை பிடித்துக்கொள்வதும் அதே வாரம், கம்ப்யூட்டர் மெதுவாவதும் அதே வாரம். ஐப்பசி பிறந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுபவர் நிம்மதியாய் வடிகாலைப் பார்க்கப்போகலாம்.

வடிகாலோ தனியொருவர் காரியமன்று. ஒருவர் தம் வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் அடுத்தவர் வயலில் நிற்கும், பின்பு வழக்கு. புரட்டாசியில் நிலம் உலர்ந்திருக்கும்போதே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வடிகால்களைச் சேர்ந்து வெட்டினால் இரண்டு நாள் வேலை. கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டினால் ஒரு வாரமாகியும் முடியாது.

இடிமழைக் காலத்தில் உயிருக்கும் ஆபத்துண்டு. நடவிலோ மேய்ச்சலிலோ இருப்பவர் இடியோசை கேட்டதும் மரத்தடிக்கு ஓடுவது பழக்கம்; அதுவே பெரிய தவறு. வயல்வெளியில் தனித்து நிற்கும் பனையும் புளியும் மின்னலை இழுக்கும். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீரை விட்டு வெளியேறி, கட்டடத்துக்குள் போகவேண்டும். கட்டடம் தூரமானால் பாதங்களைச் சேர்த்துத் தாழக் குந்தியிருக்கவேண்டுமேயன்றிப் படுக்கலாகாது. கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் பொறுத்து வயலுக்குத் திரும்புவது சரி.

கடைசியாக மழைப் புத்தகம். தாலூகாக் கச்சேரியிலுள்ள மழைமானி பத்து மைலுக்கு அப்பால் பெய்ததைச் சொல்லுமே தவிர இவ்வூரில் பெய்ததைச் சொல்லாது. புரட்டாசி இடிமழையில் பத்து மைல் என்பது வேறு நாடு. சங்கத்து வாசலில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், ஒரு மழைமானியை நாட்டி, தினம் காலை 8.30 மணிக்கு அளந்து ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்த நாளே மழைநாள் என்று கணக்கு. பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் இவ்வேலையை ஒப்புவித்தால் காரியதரிசி எழுதுவதைவிட ஒழுங்காய் எழுதும். மூன்று வருஷம் இவ்வாறு எழுதினால், இவ்வூரில் ஆவணியின் முதல் இடிமழைக்கும் அடுத்த நல்ல மழைக்கும் இடையே எத்தனை நாள் வெயில் காய்கிறதென்பது தெரிந்துபோகும். வருகிற ஆவணிக்கு முன் மானியை நாட்ட விரும்பும் சங்கத்தார், ஆனி மாதப் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே அதற்கான செலவைத் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.